தகரக்கால்களின் எட்டாவது அடி

டப்பா மூடிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களிடம் பேசிப் பாருங்கள், எதிரில் இருப்பவருக்கு நன்றாகக் காது கேட்டாலும் கத்தித்தான் பேசுவார்கள். அந்த ஷெட்டுக்குள் இருபத்திரண்டு பிரஸ் மிஷின்கள் ஓடின. அதில் ஒன்பதாம் நம்பர் மிஷினுக்கு மிதி மிதிக்கிற வேலைக்குப் பதினேழு வயதில் வந்து சேர்ந்தவள்தான் குண்டூசி. ஆள் அவ்வளவு ஒல்லி. முதல் நாளே அந்தப் பெயரை வைத்தவன் அதே மிஷினில் தகடு தள்ளுகிறவன். சும்மா விடுவாளா, அவன் கழுத்தைப் பார்த்து இவளும் கொக்கு என்று வைத்துவிட்டாள். இரண்டு பெயரும் ஒட்டியது ஒட்டியதுதான். சொந்தப் பெயரைச் சம்பளச் சீட்டில் மட்டும் பார்ப்பார்கள்.

வேலை இதுதான். நீளப் பட்டையாக நறுக்கிய தகட்டைக் கொக்கு இடது கையால் இரும்புக்கு அடியில் தள்ளிவிட்டுக் கையை இழுத்துக்கொள்வான். பக்கத்து முக்காலியில் உட்கார்ந்திருக்கும் குண்டூசி வலது காலால் மிதிப்பாள். மேலேயிருந்து இரும்பு தொம்மென்று இறங்கி ஒரு மூடியை வெட்டிப்போடும். மறுபடி தள்ளு, இழு, மிதி. ஒரு பட்டைக்கு எட்டு மூடி. எட்டு முடிந்ததும் மிச்சத் தகட்டைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த பட்டை. கைக்குக் காவலாக ஒரு கம்பித் தடுப்பு இருந்தது. அது இறங்கி ஏறுவதற்குள் நேரம் போகிறது என்று மேஸ்திரியே அதைக் கட்டுக்கம்பியால் மேலே தூக்கிக் கட்டி வைத்திருந்தார். பின்னால் கேட்டபோது தனக்கு ஒன்றுமே தெரியாது என்று அந்த ஆள் கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்.

ஒரு நாளைக்கு எட்டு எட்டாக ஆயிரம் தடவை எண்ணினால் மனுஷருக்கு என்ன ஆகும்? உடம்பே எண்ண ஆரம்பித்துவிடும். குண்டூசிக்குப் பல் விளக்கும்போது எட்டு, படி ஏறும்போது எட்டு, தலை சீவும்போது எட்டு. மிஷினைப் பார்க்கத் தேவையே இல்லாமல் போயிற்று. அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன விளையாட்டு தொடங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு பட்டை முழுக்க வெட்ட வேண்டும். தள்ளுகிறவரும் மூட வேண்டும், மிதிக்கிறவரும் மூட வேண்டும். ‘கண்மூடி எட்டு’ என்று அதற்குப் பெயர். ஷெட்டில் இருந்த இளவட்டங்கள் எல்லாரும் ஆடிப் பார்த்தார்கள். ஒன்பதாம் நம்பர்தான் எப்போதும் ஜெயிக்கும். ஒரு ரகசியத்தை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குண்டூசி ஒரு தடவைகூடக் கண்ணை முழுசாக மூடியதில்லை. இமைக்கு நடுவில் ஒரு நூல் அளவு விட்டு வைப்பாள். பயம்தான், வேறென்ன.

பொழுது சாய்ந்து சங்கு ஊதியதும் எல்லாரும் கம்பெனி மதிலடியில் கூடுவார்கள். வீட்டுக்குப் போக மனசு வராது. உடம்புக்குள் மிஷின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் கொக்கு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினான், இன்னொருவன் சேர்ந்தான். இடது கையை நீட்டு, இழு, வலது காலைத் தரையில் அடி. செய்த வேலையையே ஆட்டமாக ஆக்கிவிட்டார்கள். சத்தம் போதவில்லை என்று செருப்புக்கு அடியில் மூடித் தகட்டை வைத்து ஆணி அடித்தார்கள். முப்பது பேர் சேர்ந்து காலை அடித்தால் அடுத்த தெருவில் ஜன்னல் கண்ணாடி அதிரும். ‘தகரக்கால் பசங்க’ என்று தெருக்காரர்கள் திட்டினார்கள். அந்தத் திட்டையே இவர்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள். கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, மிஷினில் மாட்டாதபடி கணுக்காலுக்கு மேல் மடித்த பேன்ட், முழங்கைவரை சுருட்டிய இடது கை, பாக்கெட்டில் ஓட்டை போட்டுக் குத்திய ஒரு மூடி. குண்டூசியும் அப்படித்தான் சுற்றினாள். பெத்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், இவர்கள் காதிலேயே வாங்கவில்லை.

எல்லாரும் ஒரே மாதிரி ஆடினால் என்ன சுவாரஸ்யம்? கொக்கு ஒரு புதுமை செய்தான். எட்டாவது அடிக்குக் கையை நீட்டியவன் உடனே இழுக்கவில்லை. விரல்களை விரித்து அப்படியே ஒரு நொடி நிறுத்தினான். கால் தரையில் விழுந்த பிறகுதான் கை வந்தது. பார்த்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ‘தங்கல்’ என்று அதற்குப் பெயர் வைத்து ஒரு வாரத்துக்குள் எல்லாரும் பழகிவிட்டார்கள். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த ஒரு நொடியில் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது மாதிரி இருக்கும். டப்பா தட்டுகிறவன்கூடத் தட்டாமல் நிற்பான்.

மிஷினிலிருந்து ஆட்டம் வந்தது. வந்த வழியிலேயே அது திரும்பிப் போகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் ஒன்பதாம் நம்பரைச் சுற்றி நின்றார்கள். கண்மூடி எட்டு. ஒன்று, இரண்டு என்று சரளமாக ஏழு போயிற்று. எட்டாவதுக்குக் கொக்கின் கை உள்ளே போனது. போன கை தங்கியது. மதிலடியில் பழகிய பழக்கம், கைக்கு இடம் பொருள் தெரியவில்லை. குண்டூசி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நூல் அளவு என்ன, முழுக் கண்ணையும் திறந்து பார்த்தாள். விரித்த நாலு விரலும் இரும்புக்கு அடியில் தெரிந்தன. எட்டு வந்தது, கால் இறங்கியது.

ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்களிடம் கொக்கு சொன்னது ஒரே வார்த்தை. “ரெண்டு பேரும் கண்ணை மூடியிருந்தோம். யார் மேலயும் தப்பில்ல.” குண்டூசியைக் கேட்டார்கள். அவளும் அதையே சொன்னாள். கண்ணைத் திறந்திருந்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. கட்டு பிரித்ததும் கொக்கு அவன் அண்ணன் இருந்த ஊருக்குப் போய்விட்டான். நாலு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான் என்று சேதி வந்தது. அதற்கு முன்னால் குண்டூசி ஒரு தடவையாவது போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை, அவ்வளவுதான்.

கொக்கு போனான், கூட்டம் கலையவில்லை. அவனுக்காக என்று எல்லாரும் இடது கைச் சட்டையை இறக்கி விரலை மறைத்துக்கொண்டார்கள். கம்பெனியை மூடிப் பூட்டிய பிறகும் மூட்டை தூக்குகிறவர்கள், பஸ் கழுவுகிறவர்கள், துணிக் கடையில் நிற்கிறவர்கள் என்று பிள்ளைகள் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பிரஸ் மிஷினைக் கண்ணால் கண்டதில்லை. கடைக்காரன் லேசுப்பட்டவனா? இடது கை மட்டும் நீளமாகத் தைத்த சட்டையைத் தொங்கவிட்டு விற்றான். பிறகு தகரம் போயிற்று, ரப்பர் செருப்பு வந்தது. டப்பாவும் போயிற்று. சத்தமே இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு, எட்டு எட்டுப் பேராக நின்று ஆடினார்கள். பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாற்பது பேர் ஓசையில்லாமல் ஒரே நேரத்தில் கை நீட்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்காது.

குண்டூசிக்குக் கல்யாணம் ஆயிற்று. வீட்டுக்காரர் டயர் ஒட்டுகிற பட்டறை வைத்திருந்தார், அவரும் பழைய தகரக்கால்தான். அவருக்கு ஒரே ஒரு குறை. தூக்கத்தில் இவள் வலது கால் கட்டில் சட்டத்தை எட்டு தடவை உதைக்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி எட்டு தடவை உதைக்கும். “உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு அந்த மிஷினையே கட்டியிருக்கலாம், ராத்திரியில நிறுத்தியாச்சும் வைப்பாங்க,” என்பார். அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். கண் திறந்திருந்த கதையை அவரிடமும் சொல்லவில்லை.

ஒரே மகள், பத்தொன்பது வயது. பார்சல் குடோனில் பெட்டி பிரிக்கிற வேலை. அவள் தகரக்கால்களோடு சேர்ந்தபோது அப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை. “நாமளும் ஆடினவங்கதானே, வயசு அப்படி,” என்று சொல்லிவிட்டார். குண்டூசி மட்டும் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் வெள்ளிக்கிழமை குடோனிலிருந்து வந்ததும் இடது கையை மணிக்கட்டுவரை வெள்ளைத் துணியால் சுற்றிக்கொள்வாள். திங்கள் காலையில்தான் அவிழ்ப்பாள். நடுவில் அந்தக் கை எந்த வேலையும் செய்யாது. ஒற்றைக் கையாலேயே பொத்தான் போடுவாள், ஒற்றைக் கையாலேயே தலை முடிவாள். “என்னடி கூத்து இது?” என்று கேட்டால், “ரெண்டு நாள் அது யாருக்கும் வேலை செய்யாதும்மா,” என்பாள். அதைக் குரல் ஏறாமல் சொல்வாள். கோபித்துக்கொண்டாலாவது பதிலுக்குக் கோபிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயில் அவள் சுற்றிய கைமேல் விழுந்தது. குண்டூசி பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகத் துணியை அவிழ்த்தாள். விரல்கள் தண்ணீரில் ஊறியது மாதிரி வெளுத்துக் கிடந்தன. நாலு விரலிலும் குறுக்கே நீல மையில் ஒரு கோடு. நேர்க்கோடு இல்லை, ஆள்காட்டி விரலில் மேலே தொடங்கிச் சுண்டுவிரலில் கீழே இறங்குகிற சாய்வுக் கோடு. கொக்கின் விரல்கள் எந்த இடத்தில் போயினவோ அதே இடம். அந்தச் சாய்வு இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமே இல்லை. அது எந்தச் சட்டையிலும் இல்லை, எந்த ஆட்டத்திலும் இல்லை.

மகள் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது விழித்தாளோ. “இந்தக் கோட்டை யாரு போட்டது?” என்றாள் குண்டூசி.

“நான்தான். எல்லாருக்கும் நான்தான் போட்டுவிட்டேன்.”

“இந்த இடம்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“நீதானேம்மா காட்டின. சின்ன வயசுல தூங்க வைக்கும்போது என் விரல்ல நகத்தால கோடு இழுத்துக்கிட்டே எட்டு வரைக்கும் எண்ணுவியே. தினமும் செய்வியே.”

குண்டூசிக்கு அப்படிச் செய்த ஞாபகம் துளிகூட இல்லை. இத்தனை வருஷமாக வாயை இறுக மூடிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாளே, கை சொல்லிக்கொடுத்துவிட்டிருக்கிறது. வலது கால் தானாகத் தரையைத் தட்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

கேட்கக் கேட்க மகள் எல்லாவற்றையும் சொன்னாள், மறைக்க வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல். பூட்டிக் கிடந்த ஷெட்டுக்குள் இவர்கள் போய் வருகிறார்களாம். ஒன்பதாம் நம்பர் மிஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, வாடகை ஜெனரேட்டர் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தாயிற்றாம். அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு நிஜமாகவே கண்மூடி எட்டு. தள்ளுகிற இடத்தில் இவள். எட்டாவதில் நீலக் கோடு வரைக்கும் விரலை உள்ளே வைத்துத் தங்க வேண்டும். “தங்கும்போது எல்லாம் நின்னுடும்மா. ஆடும்போதே தெரியுது. சத்தம் நிக்கும், நேரம் நிக்கும். மிஷினும் நிக்கும். கொக்கு அண்ணனுக்கு நம்பிக்கை ஒரு இம்மி குறைஞ்சிடுச்சு, அதான் வெட்டிருச்சு. எனக்குக் குறையாது.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் பயம் இல்லை, வீறாப்பும் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற முகம். குண்டூசி வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சிரித்தார், பிறகு கத்தினார், பிறகு மகள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். மகள் சரி சரி என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எதற்கும் ஆகாது என்று ரெண்டு பேருக்கும் தெரிந்தது. பூட்டி வைக்கலாம், எத்தனை நாளைக்கு? ஷெட்டுக்குப் போலீசைக் கூட்டிப் போகலாம், வேறொரு ஷெட்டு கிடைக்காதா? அந்த வாரம் முழுக்கக் குண்டூசி ஒரு பருக்கை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அன்றைக்குத் தான் சொன்ன பொய்தான் இந்தப் பிள்ளைகளுக்கு வேதமாகிவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. அதை உடைத்தால் எல்லாம் கலைந்துவிடும் என்று நம்பினாள், பாவம்.

ஞாயிறு மத்தியானம் மகள் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில் இவளும் போனாள். வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார். “நீங்க வந்தா அடிதடிதான் ஆகும்,” என்று நிறுத்திவிட்டாள். இருபத்தாறு வருஷம் கழித்து அந்தக் கதவைத் தள்ளுகிறாள். வெளியில் மண்டையைப் பிளக்கிற வெயில். உள்ளே கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியாகக் காசு காசாக வெளிச்சம் விழுந்து கிடந்தது. மற்ற மிஷின்களை எல்லாம் எப்போதோ எடுத்துப் போய்விட்டிருந்தார்கள், தரையில் அவை நின்ற கறுப்புக் கட்டங்கள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ரெண்டு ரெண்டு பேர் கண்ணை மூடி நின்றிருந்தார்கள். அவள் காலடி கேட்டும் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மூலையில் ஒன்பதாம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததுமே அவள் நடை மாறி, எட்டு எட்டாகக் கால் விழ ஆரம்பித்தது.

தள்ளுகிற இடத்தில் மகள். மிதி முக்காலியில் அவள் வயதே இருக்கும் இன்னொரு பெண். பக்கத்தில் நின்றவன் சுருட்டை முடிக்காரன், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவன். இவள் வீட்டு வாசலிலேயே எத்தனையோ தடவை நின்று கையெழுத்து வாங்கியிருக்கிறான். இந்தக் கூட்டத்துக்கு இப்போது அவன் சொல்தான் சொல். கண்ணைத் திறக்காமலே, “வாங்கம்மா,” என்றான்.

“மிஷினை நிறுத்துப்பா. ஒண்ணு சொல்லணும்.”

“ஓடட்டும், சொல்லுங்க.”

அவளும் கத்தித்தான் சொன்னாள், அந்த ஷெட்டில் வேறெப்படிச் சொல்வது. “அன்னைக்கு மிதிச்சது நான்தான். கண்ணை மூடியிருந்தோம்னு சொன்னது பொய். நான் திறந்திருந்தேன். அவனும் திறந்திருந்தான். கை உள்ளேயே நின்னுடுச்சுன்னு அவனுக்குத் தெரிஞ்சுது. என் முகத்தைப் பார்த்தான். நான் நிறுத்திடுவேன்னு நினைச்சுப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்துக்கிட்டேதான் மிதிச்சேன். நம்பிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் பயந்துபோயிருந்தான்.”

சொல்லி முடித்தாள். இத்தனை வருஷமும் தொண்டையில் முள்ளாக நின்றது வெளியே வந்துவிட்டது. யாராவது கத்துவார்கள், அழுவார்கள், குறைந்தபட்சம் முகம் சுளிப்பார்கள் என்று எதிர்பார்த்தாள். நாற்பது முகமும் மூடிய கண்ணோடு அசையாமல் இருந்தன. சுருட்டை மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டான்.

“ரொம்ப நன்றிம்மா. இத்தனை நாளா எங்களுக்குப் புரியாம இருந்தது இதுதான். ரெண்டு பேரும் திறந்திருந்தீங்க, அதான் நிக்கல. நாங்க திறக்க மாட்டோம்.”

இப்படி ஒரு பதில் வரும் என்று கனவிலும் நினைத்திருப்பாளா? உண்மையைக் கொண்டுவந்து கொடுத்தால் அதையே எடுத்து விறகாக அடுப்பில் வைத்துவிட்டான். அவள் மகளைப் பார்த்தாள். கூட்டத்தில் அவள் ஒருத்தி மட்டும் கண்ணைத் திறந்திருந்தாள்.

“பார்த்துக்கிட்டே ஏம்மா மிதிச்ச?”

“கால் என் பேச்சைக் கேக்கல பாப்பா. எட்டு வந்திடுச்சு.”

மகள் கொஞ்ச நேரம் அம்மாவின் காலையே பார்த்தாள். பிறகு கண்ணை மூடித் தகட்டைக் கையில் எடுத்தாள். முக்காலிப் பெண் மிதிமேல் காலை வைத்தாள். குண்டூசிக்கு அதற்குமேல் யோசிக்க நேரமில்லை. போய் அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தாள். “இது என் மிஷின். மிதிக்கிறதா இருந்தா நான்தான் மிதிப்பேன்,” என்றாள். இந்த இடத்தில் நாம் உட்கார்ந்துவிட்டால் வேறு யாரும் மிதிக்க முடியாது, நாமாக மிதிக்கப் போவதுமில்லை. அவள் கணக்கு அவ்வளவு எளிமை. சுருட்டை மறுக்கவில்லை. அவள் வருவாள் என்று எதிர்பார்த்திருந்தவன் போலத் தலையை மட்டும் அசைத்தான்.

நாற்பது ரப்பர் செருப்பு ஒன்றாகத் தரையைத் தொட்டது. ஒன்று. மகள் கை உள்ளே போய் வந்தது. குண்டூசியின் கால் மிதித்தது. மிதிக்கக் கூடாது என்று உட்கார்ந்தவள்தான், கால் மிதித்துவிட்டது. இரும்பு இறங்கி ஒரு மூடி விழுந்தது. இரண்டு. மறுபடி மூடி விழுந்தது. காலைத் தூக்கி முக்காலிக் கம்பியில் வைக்கப் பார்த்தாள், மூன்றுக்கு அது மிதிமேல் இருந்தது. நான்கு, ஐந்து. அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. “பாப்பா, கையை எடுத்திடு, கால் நிக்க மாட்டேங்குது,” என்று அலறினாள். ஆறு. மகள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஏழு.

எட்டாவதுக்கு மகளின் கை உள்ளே போய்த் தங்கியது. விரல்கள் விரிந்தன. நீலக் கோடு இரும்பின் விளிம்புக்கு நேராக நின்றது. மகள் சொன்னது பொய்யில்லை, எல்லாம் நின்றது. ஜெனரேட்டர் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போயிற்று. கூரையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் தூசிகூட நகரவில்லை. நகர்ந்தது குண்டூசியின் கால் மட்டும்தான். யாரோ அழுத்துவது மாதிரி அது நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. குண்டூசி ரெண்டு கையாலும் தன் முழங்காலைக் கட்டிப்பிடித்தாள். பிடித்தும் அது இறங்கியது. சொந்தக் காலை எதிராளி காலைப் போல இழுத்து, முக்காலியோடு பின்பக்கம் சாய்ந்து மல்லாக்க விழுந்தாள். பின்மண்டை தரையில் மோதியது. வலது கால் அவள் பிடிக்குள்ளேயே ஒரு தடவை உதறிக்கொண்டது.

இரும்பு இறங்கவில்லை.

மகள் கண்ணைத் திறந்தபோது அவள் விரல் நாலும் விரித்தபடியே இருந்தன. கூட்டம் முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது, மிஷின் நின்றுவிட்டது என்று நினைத்து. மகள் குனிந்து கீழே பார்த்தாள். தரையில் அம்மா காலைக் கட்டிக்கொண்டு, வாயில் எச்சில் வழிய, எட்டு எட்டு என்று முனகிக்கொண்டு கிடந்தாள். எது நின்றது, எதை யார் நிறுத்தினார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்திக்குப் புரிந்துவிட்டது. அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். சின்னப் பிள்ளையில் அழுததோடு சரி, அதன் பிறகு அப்படி அழுது குண்டூசி பார்த்ததில்லை. அழுதுகொண்டே அம்மாவைத் தூக்கி உட்காரவைத்தாள், ரெண்டு கையாலும்.

மகள் அதன் பிறகு துணி சுற்றவில்லை, அந்தப் பக்கமே போகவில்லை. ஷெட்டையும் இடித்துவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் எடைக்குப் போயிற்று. குண்டூசியின் கால் ராத்திரியில் இன்னும் உதைக்கிறது, வீட்டுக்காரர் இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவர் எழுந்து அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் படுத்துக்கொள்வார்.

ஒரு வருஷம் இருக்கும். அம்மாவும் மகளும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். முன்சீட்டுப் பக்கம் பதினாறு பதினேழு வயதில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். வலது காலைப் பின்னால் மடக்கி, பாதத்தைக் கையால் பிடித்திருந்தாள். பஸ் குலுங்கினாலும் விடவில்லை. உட்கார இடம் காலியாக இருந்தும் உட்காரவில்லை. மகள் முகம் வெளுத்துப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குண்டூசிக்கு மனசு கேட்கவில்லை.

“என்னம்மா, கால்ல அடியா?” என்று கேட்டாள்.

“இல்லைங்க. நாங்க தகரக்கால். எட்டாவதுல இப்படித்தான் நிப்போம். நல்லாப் பழகணும்னா நாள் முழுக்க நிக்கணும்.” பதவிசாகத்தான் பேசினாள். “ஒரு அம்மா இருந்தாங்களாம். அவங்க மக கை போகாம இருக்கறதுக்காகத் தன்னோட காலைக் கொடுத்துட்டாங்களாம். மிஷின் வாங்கிக்கிட்டு நின்னுடுச்சாம்.”

குண்டூசி அவள் பக்கம் சாய்ந்து சொன்னாள். “காலெல்லாம் யாரும் கொடுக்கலம்மா. அப்படி எதுவும் நடக்கல. நான்தான் அந்த அம்மா. தயவுசெஞ்சு காலைக் கீழே வை.”

அந்தப் பெண் குனிந்து குண்டூசியின் இடது காலைப் பார்த்தாள், வலது காலைப் பார்த்தாள், செருப்புவரை பார்த்தாள். பிறகு பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசத் தயங்குகிற பிள்ளையின் குரலில் சொன்னாள்.

“இல்லைங்க, அவங்களுக்கு ஒரு கால்தான்.”